பெயர் பெறாத பிணிகள்

செங்கற்பட்டுச் சீமையில் "ஈஸ்னோபீலியா" என்ற சொல்லை அறியாத வீடு இல்லை. மார்கழிப் பனியில் நான்கு தும்மல் தும்மியவரும், வைக்கோற் போரைப் பிரிக்கும்போது மூக்கில் நீர் வடிந்தவரும், "எனக்கு ஈஸ்னோபீலியா உண்டு" என்று உறவுமுறை சொல்வதுபோல் சொல்லிக்கொள்வர். அச்சொல்லை எத்தனை விதமாகப் பிழைபட எழுதலாம் என்பதை மாணவர்களின் விடுப்புக் கடிதங்களில் முப்பத்தைந்து ஆண்டுகள் கண்டவன் நான். ஜெர்மானிய ஆய்வுக்கூடத்தில் பிறந்து, நம் ஊர் மளிகைக் கடைத் திண்ணை வரை வந்து சேர்ந்த இச்சொல்லுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் தென்னாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. காரணம் புலப்படாமல் ஆண்டுக்கணக்கில் வருந்திய நோயாளரின் சொல்லை மருத்துவ நூலோர் எப்போது நம்பினர், எதைக் கண்டபின் நம்பினர் என்பதே இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட செய்தி.

கதை சாயத்தில் தொடங்குகிறது. 1856-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுப் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு ஊதா நிறச் சாயம் ஒன்றைச் செய்தார். அதன் வழியே ஜெர்மனியில் பெரும் சாயத்தொழில் எழுந்தது. நம் நாட்டு அவுரிச் சாகுபடியைப் பிற்காலத்தில் வீழ்த்தியதும் இத்தொழிலே. அதனால் நம் உழவர் அடைந்த துன்பம் தனிக்கதை. ஆனால் அச்சாயங்களைத் துணிக்கு அன்றி உடலின் தசைக்கும் இரத்தத்துக்கும் தோய்த்துப் பார்த்த மாணவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் பால் எர்லிக். பட்டில் பிடிக்கும் சாயம் எல்லாம் பருத்தியில் பிடிப்பதில்லை என்பதைக் காஞ்சிபுரத்துச் சாயக்காரர் அனைவரும் அறிவர். அதுபோலவே உடலின் நுண்ணிய உயிரணுக்களும் ஒவ்வொன்றும் தனக்கு உரிய சாயத்தையே பற்றிக்கொள்ளும் என்று எர்லிக் கண்டார். 1878-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஆய்வேட்டில், நீலச் சாயத்தில் தோய்த்தால் செவ்வூதா நிறம் காட்டும் மணிகள் நிறைந்த ஓர் உயிரணுவை விவரித்தார். அது நன்கு உண்டு கொழுத்தது போலும் என எண்ணி, அப்பொருள்பட "மாஸ்ட் உயிரணு" என்று பெயரிட்டார். மறு ஆண்டில், ஈசின் என்னும் செஞ்சாயத்தை ஆவலோடு உறிஞ்சும் மற்றோர் உயிரணுவை இரத்தத்தில் கண்டு, அதனை "ஈசினோபில்" என்று அழைத்தார். நம் வீட்டுச் சொல்லின் பிறப்பு அதுவே.

உண்டு கொழுத்தது என்ற எண்ணம் தவறு. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இவ்விரு உயிரணுக்களும் உடலில் என்ன வேலை செய்கின்றன என்பதை எர்லிக் அறியார். அவருக்குப் பின் இரண்டு தலைமுறையாகப் பிறரும் அறியார். கண்ணுக்குத் தெரிந்த ஒன்றன் பயன் தெரியாமல் இருக்க, மறுபுறத்தில் பயங்கரமாகத் தெரிந்த நோய்களின் காரணம் கண்ணுக்குப் புலப்படாமல் இருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்னும் இடத்தில் காசநோய் மருத்துவமனை ஒன்று 1915-இல் திறக்கப்பெற்றது. டென்மார்க் நாட்டவரான கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மொல்லர் அங்கே நெடுங்காலம் தலைமை மருத்துவராக இருந்தார். காசநோய்க்குத் தக்க மருந்து தோன்றாத காலம் அது. ஒருவனுக்குக் காசம் என்று சொல்லிவிட்டால், அவன் வேலை போகும். அவன் தங்கையின் கலியாணப் பேச்சும் நின்றுபோகும். வீட்டில் அவனுக்கெனத் தனித் தட்டும் தனிக் குவளையும் ஒதுக்கப்படும். அத்தகைய காலத்தில், இரவில் தூங்கவொட்டாத இருமல், இழுப்பு, மெலிவு, இளங்காய்ச்சல் ஆகியவற்றோடு நோயாளர் சிலர் வந்தனர். எக்ஸ்-கதிர்ப் படத்தில் இரு நுரையீரலிலும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. காசம் என்று சொல்ல இவ்வளவு போதும் என்றே எவரும் நினைப்பர். ஆனால் எத்தனை முறை சளியைச் சோதித்தாலும் காசநோய்க் கிருமி அகப்படவில்லை.

இந்த இடத்தில்தான் நல்ல மருத்துவரின் தகுதி வெளிப்படுகிறது. "கிருமி எங்கோ ஒளிந்திருக்கும்" என்று எழுதி முடித்திருக்கலாம். மொல்லரும் அவருடைய துணைவர் பார்ட்டனும் அவ்வாறு செய்யவில்லை. அவர்கள் இரத்தத்தைச் சாயமிட்டு எண்ணிப் பார்த்தனர். வெள்ளணுக்கள் நூற்றில் ஒன்றிலிருந்து நான்கு வரை இருக்கவேண்டிய ஈசினோபில், அந்நோயாளரிடம் மிகப் பெருகியிருந்தது. காசம் போலத் தோன்றிக் காசம் அல்லாத நிலை ஒன்று உண்டு என்று 1940-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ இதழில் அவர்கள் எழுதினர். மூன்று ஆண்டுகள் சென்றபின், 1943-இல், வைன்கார்ட்டன் என்னும் மருத்துவர் இந்தியாவில் தாம் கண்ட 81 நோயாளரைப் பற்றி இலண்டன் இதழில் வெளியிட்டார். "வெப்பநாட்டு ஈசினோபீலியா" என்ற பெயர் அக்கட்டுரையால் உலகெங்கும் பரவியது.

வைன்கார்ட்டன் நோய்க்குப் பெயரிட்டதோடு மருந்து ஒன்றையும் கண்டார். அது தேடிக் கண்டது அன்று. இந்நோயோடு மேகநோயும் உடைய ஒருவருக்கு, மேகநோயின் பொருட்டுப் பாடாணம் கலந்த ஊசி போடப்பட்டது. மேகநோய்க்கு இட்ட மருந்தால் இருமல் நின்றது. அவ்வூசி மருந்தை உலகுக்கு அளித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே பால் எர்லிக்தான். 1910-இல் சால்வர்சான் என்னும் மருந்தையும், 1912-இல் அதன் திருந்திய வடிவத்தையும் அளித்துவிட்டு, 1915-இல் அவர் மறைந்தார். தாம் இளமையில் வண்ணம் தீட்டிக் காட்டிய ஓர் உயிரணுவின் மிகையால் வரும் நோயைத் தம் முதுமையில் செய்த மருந்தே தணிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. வரலாற்றில் இத்தகைய பொருத்தங்கள் அரியன. நான் வகுப்பில் இதைச் சொல்லும் நாட்களில் கடைசி வரிசையும் அமைதியாகிவிடும்.

பாடாணம் நஞ்சு. அதனினும் நல்ல மருந்து வந்த வழியைச் சொல்ல வேண்டும். கோதாவரிக் கரையோரத்து மாவட்டத்தில் பீமவரம் என்னும் ஊரில் 1895-இல் பிறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியமையால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் பெறாமல் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்ற அவர், பிற்காலத்தில் லெடர்லே ஆய்வகத்தின் தலைவரானார். அவருடைய மேற்பார்வையில், யானைக்கால் நோய்க்குக் காரணமான நுண்புழுவைக் கொல்லும் டைஎதில்கார்பமசின் என்ற மருந்து 1947-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே சுப்பாராவ் காலமானார்.

யானைக்கால் மருந்துக்கும் இருமலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். அக்காலத்து மருத்துவரும் அவ்வாறே வினவினர். 1950-களில் மருத்துவர் பலர் இம்மருந்தை ஈசினோபீலியா நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சில நாட்களில் இருமலும் இழுப்பும் தணிந்தன. சிங்கப்பூரில் பணியாற்றிய தனராஜ் என்னும் அறிஞர், மருந்தின் பயனாலும் இரத்தச் சோதனையாலும் இது யானைக்கால் புழுவின் விளைவே என்று வற்புறுத்தினார். பின்னாளில் கோலாலம்பூர் மருத்துவக் கல்லூரியின் முதல் தலைவராக விளங்கியவர் அவர். ஆயினும் ஐயம் முற்றும் நீங்கவில்லை. ஏனெனில் இந்நோயாளரின் இரத்தத்தில் அப்புழுவின் குஞ்சுகளை எவரும் காணவில்லை.

இதன் அருமை விளங்க, யானைக்கால் நோயின் இரத்தச் சோதனை எத்தகையது என்று நீங்கள் அறியவேண்டும். காஞ்சிபுரம் வட்டாரம் அந்நோய்க்கு நெடுநாள் பேர்போனது. என் இளமைப் பருவத்தில், இரவு உணவு முடிந்து ஊர் அடங்கும் நேரத்தில், கையில் கண்ணாடித் துண்டுகள் அடுக்கிய மரப்பெட்டியும் விளக்கும் கொண்டு சுகாதாரப் பணியாளர் வருவர். உறங்கும் குழந்தைகளை எழுப்பி விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுப்பர். பகலில் வரக்கூடாதா என்று பாட்டிமார் சினந்து கேட்பர். பகலில் வந்து பயன் இல்லை. புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரலின் நுண்குழாய்களில் தங்கியிருந்து, கொசு கடிக்கும் இரவு வேளையில்தான் தோலுக்கு அருகே ஓடும் இரத்தத்துக்கு வரும். பகலில் எடுத்த இரத்தம் தூய்மையாகவே தோன்றும். நோயில்லை என்று எழுதிவிட்டால் அது பொய்யும் அன்று, மெய்யும் அன்று. நேரம் தவறிய சோதனை, அவ்வளவே.

ஈசினோபீலியா நோயாளரிடமோ இரவிலும் அகப்படவில்லை. அப்படியானால் அவை எங்கே போயின? ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நம் பெங்களூர்ச் சாலையிலேயே மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றால் வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் ஆகிய மூவர், இரத்தத்தை விட்டு, நோயாளரின் நுரையீரல், ஈரல், நிணநீர்க் கணு ஆகியவற்றிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்து ஆராய்ந்தனர். அங்கே, ஈசினோபில்கள் மொய்த்துச் சூழ்ந்த நடுவில், சிதைந்துகொண்டிருந்த புழுக்குஞ்சுகள் கிடந்தன. 1960-இல் இச்செய்தி வெளியாயிற்று. புழுவை எதிர்த்து உடல் அளவு மீறிப் பொங்குகிறது. அப்பொங்கலே அவற்றை இரத்தத்துக்கு வரவிடாமல் உறுப்புகளில் சிறைப்படுத்துகிறது. நோயாளியை வருத்துவது புழுவைக் காட்டிலும் அதனை எதிர்க்கும் படையின் ஆரவாரமே. மருத்துவமனைப் படுக்கையில் பல மாதம் கிடந்து, காசம் என்ற பழியையும் சுமந்த அந்நோயாளரின் துன்பத்துக்கு அன்றுதான் முழு விளக்கம் கிடைத்தது. பின்னும் 1980-களில், சென்னைச் சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்கள், அமெரிக்க அறிஞரோடு கூடி இந்நோயாளரின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை ஆராய்ந்தனர். மூன்று வார மருந்துக்குப்பின் பெரும்பாலோர் தேறினாலும், சிலரிடம் அழற்சியின் எச்சம் அடங்காமல் நிற்பதை அவர்கள் காட்டினர்.

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 500-க்குக் கீழ் இருக்கவேண்டிய ஈசினோபில், இந்நோயில் 3000-க்கு மேல் ஏறும். மார்கழித் தும்மலுக்கும் இதற்கும் உள்ள தொலைவை இதனால் அறியலாம். நோய்க்குப் பெயர் கிடைக்காமல் இருந்தது ஒரு துன்பம். கிடைத்த பெயரைக் கண்டபடி எல்லார்க்கும் சூட்டியது அடுத்து வந்த வேடிக்கை.

இனி, எர்லிக் முதலில் கண்ட மாஸ்ட் உயிரணுவின் வரலாற்றைச் சொல்லவேண்டும். அது இன்னும் முடியாத கதை. 1869-இல் இலண்டனில் நெட்டில்ஷிப் என்பவர், இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் உடலெங்கும் பழுப்புநிறப் புள்ளிகள் இருந்ததையும், தேய்த்தால் அவை தடித்து எழுந்ததையும் எழுதி வைத்தார். 1887-இல் ஊன்னா என்பவர் அப்புள்ளிகளில் மாஸ்ட் உயிரணுக்கள் குவிந்திருப்பதைச் சாயமிட்டுக் காட்டினார். அவ்வுயிரணு தோலில் மட்டுமன்றி உள்ளுறுப்புகளிலும் பெருகக்கூடும் என்பது 1949-இல்தான், இறந்த ஒரு குழந்தையின் உடலை ஆராய்ந்தபோது தெரியவந்தது. இடையே எண்பது ஆண்டுகள். அவ்வெண்பது ஆண்டுகளில், முகம் திடீரெனச் சிவந்து, வயிறு பிசைந்து, நெஞ்சு படபடத்து மயங்கி விழுந்தோர் எத்தனை பேர், அவர்களுக்கு என்னென்ன பெயர் சூட்டப்பட்டன என்பதற்குக் கணக்கு இல்லை. பேய் பிடித்தது என்றும், திருட்டி என்றும், மனக்கோளாறு என்றும் ஊருக்கு ஊர் ஒரு பெயர் சொல்லியிருப்பர்.

ஹிஸ்டமின் என்னும் பொருளை உடலில் செலுத்தினால் இக்குறிகள் எல்லாம் தோன்றும் என்று டேல், லெய்ட்லா என்ற இருவர் 1910-இலேயே கண்டிருந்தனர். அது உடலில் எங்கே சேமித்து வைக்கப்பட்டுள்ளது என்பதை மட்டும் எவரும் அறியவில்லை. 1953-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரைலி, வெஸ்ட் ஆகிய இருவர் அதனைக் கண்டுபிடித்தனர். அது மாஸ்ட் உயிரணுவின் மணிகளிலேயே இருந்தது. எர்லிக் அம்மணிகளுக்கு வண்ணம் தீட்டி 75 ஆண்டுகள் ஆகியிருந்தன! 1966-இல் ஜப்பானியராகிய இஷிசாகா தம்பதியர், ஒவ்வாமைக்கு வித்தாகும் எதிர்ப்பொருள் ஒன்றை அமெரிக்காவில் கண்டனர். ஸ்வீடனிலும் அதே காலத்தில் அது கண்டறியப்பட்டது. மாஸ்ட் உயிரணுவின் மேற்பரப்பில் அது நாணேற்றிய அம்புபோல் அமர்ந்திருக்கும். பகைப்பொருள் வந்து தொட்டவுடன் மணிகள் வெடித்து ஹிஸ்டமின் சிந்தும். ஈசினோபில்களுக்கும் அழைப்புப் போகும். ஆக, எர்லிக் அடுத்தடுத்த ஆண்டுகளில் கண்ட இரண்டும் ஒரே படையின் இரு பிரிவுகள்.

1980-களில் டிரிப்டேஸ் என்னும் பொருளை இரத்தத்தில் அளக்கும் முறை வந்தது. மாஸ்ட் உயிரணு வெடித்ததற்கு அது சாட்சி. 1990-களில், இவ்வுயிரணு மிகப் பெருகும் நோய்க்கு அடிப்படையான மரபணு மாற்றமும் தெரிந்தது. உயிரணுக்கள் எண்ணிக்கையில் பெருகாமலே காரணமின்றி அடிக்கடி வெடிக்கும் நிலை ஒன்றும் உண்டென்று கொண்டு, அதற்கான இலக்கணத்தைப் பல நாட்டு அறிஞர் கூடி 2012-இல் வகுத்தனர். ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகளில் குறிகள் மீண்டும் மீண்டும் தோன்ற வேண்டும். தாக்கம் வந்த வேளையில் டிரிப்டேஸ், அந்நோயாளியின் வழக்கமான அளவினும் அதன் ஐந்தில் ஒரு பங்கும், அதன்மேல் 2 நானோகிராமும் உயர்ந்திருக்க வேண்டும். உரிய மருந்தால் குறிகள் தணிய வேண்டும். இதில் கவனிக்கத்தக்கது நேரம். தாக்கம் தொடங்கிய நான்கு மணி நேரத்துக்குள் இரத்தம் எடுக்கவேண்டும். மறுநாள் எடுத்தால் அளவு பழைய நிலைக்கு வந்திருக்கும். பகலில் யானைக்கால் இரத்தம் எடுத்த கதையே இங்கும். இவ்விலக்கணம் சிலருக்குக் கடுமையாகப் படுகிறது. விளங்காத குறிகள் அனைத்தையும் இவ்வுயிரணுவின்மேல் ஏற்றுவோரும் மேனாடுகளில் உளர். ஈஸ்னோபீலியாவைத் திண்ணைச் சொல்லாக்கிய நம் ஊரைக் கண்டவனாகிய எனக்கு, இலக்கணம் கடுமையாக இருப்பதே நல்லது என்று தோன்றுகிறது.

நான் வாழும் ஒரகடம், ஏரிப் பாசனத்து நெல்வயல்களுக்கு நடுவே இருந்த சிற்றூர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை ஒன்று உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்திலும் மற்றொன்று எழுந்தது. இன்று விடியற்காலையில் என் தெருமுனையில் நின்று பார்த்தால், இரவுப்பணி முடிந்த இளைஞரையும் பெண்களையும் ஏற்றிய பேருந்துகள் வரிசையாகப் போகும். கார்ப் பூச்சுகளில் சேரும் ஐசோசயனேட், சால்டரிங் செய்கையில் எழும் பிசின் புகை ஆகியன சிலருக்கு இழுப்பை உண்டாக்கும் என்பது மருத்துவ நூல்கள் உறுதியாகக் கூறும் செய்தி. 1700-ஆம் ஆண்டில் இத்தாலியரான ராமசினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலில், நோயாளியிடம் "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்று மருத்துவர் தவறாமல் கேட்கவேண்டும் என்றார். விடுமுறை நாளில் தணிகிறதா என்பதையும் இன்று சேர்த்துக் கேட்பர்.

2021 டிசம்பரில் இவ்வட்டாரத்து மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர், விடுதியில் உண்ட உணவால் நோயுற்றனர். 150-க்கு மேற்பட்டோர் மருத்துவமனையிற் சேர்க்கப்பெற்றனர். தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். ஆலை சில வாரங்கள் மூடிக்கிடந்தது. நாடெங்கும் செய்தி ஆயிற்று. பலருக்கு ஒரே நாளில் வரும் நோய்க்குச் சாட்சி தேவையில்லை. ஒருத்திக்கு மட்டும் மாதம் இருமுறை வரும் நோய்க்கு அவள் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை.

என்னிடம் பத்தாம் வகுப்பு வரை படித்த பெண் ஒருத்தி, மூன்று ஆண்டுகளாக இப்படி வருந்துகிறாள். உடலில் தடிப்பு எழும், முகம் சிவக்கும், வயிறு பிசையும், நிற்க முடியாமல் தலை சுற்றும். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் மறைந்துவிடும். சோதித்த இடங்களில் எல்லாம் குறை இல்லை என்றே எழுதினர். வேலை செய்யும் இடத்தில் நடிப்பு என்று பேச்சு. "சார், நோய் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியானால் எனக்கு வருவது என்ன?" என்று கேட்டாள். மருத்துவம் அறியாத நான் என்ன சொல்வேன்? ஆய்வுக்கூடக் குறிப்பேடு எழுதுவதுபோல் நாள், மணி, உண்டது, செய்த வேலை, தங்கிய இடம் எல்லாவற்றையும் எழுதி வை அம்மா என்று, கோடிட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தேன்.

ஐந்து மாதக் குறிப்போடு அவள் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றாள். அங்கிருந்த மருத்துவர் அதனைப் பக்கம் பக்கமாகப் படித்தாராம். வாதம் வேறு, தைராய்டு வேறு, இதயம் வேறு என்று பலவற்றையும் பார்க்கவேண்டும் என்றவர், டிரிப்டேஸ் சோதனையையும் எழுதி, தாக்கம் வந்தால் நான்கு மணி நேரத்துக்குள் வரும்படி அட்டையில் குறித்துக் கொடுத்திருக்கிறார். நோய்க்கு இன்னும் பெயர் இடப்படவில்லை. ஒரகடத்திலிருந்து அம்மருத்துவமனை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இரவுப் பணியின்போது வந்தால் யார் உடன் செல்வது, எந்த ஆட்டோவை அழைப்பது என்று அவளும் விடுதித் தோழியர் இருவரும் பேசி வைத்திருக்கின்றனர். ஆட்டோக்காரரின் தொலைபேசி எண் நோட்டின் பின்னட்டையில் எழுதப்பட்டிருக்கிறது.